சாஞ்ச நெல்லை அறுக்க முடியாமல் திணறும் மெஷின்கள்! கோளாறு கத்தியில் இல்லை... 'வாயில்'தான்!

தஞ்சாவூர்:

சம்பா அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் டெல்டா விவசாயிகளுக்கு வயிறு கலங்கிவிடும். கதிர் முற்றி தலை கவிழ்ந்து நிற்கும் நெல், ஒரே ராத்திரி காற்றிலும் மழையிலும் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் பெய்த மழையும், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த மழையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இப்படித்தான் விளைந்த நெல்லைப் படுக்க வைத்தன.

படுத்த நெல்லை அறுக்க ஆள் கிடைப்பதில்லை. எல்லாருக்கும் மெஷின்தான் கதி. ஆனால் நிமிர்ந்து நிற்கும் நெல்லை சர்ரென்று அள்ளி விழுங்கும் அதே மெஷின், சாஞ்ச நெல்லைக் கண்டதும் திணறுகிறது. பத்தடி போகும், நிற்கும். மறுபடி பத்தடி போகும், மறுபடி நிற்கும். டிரைவர் இறங்கி கம்பியை விட்டு வைக்கோலைக் குத்தி எடுப்பார். வரப்பில் நிற்கும் விவசாயி கடிகாரத்தைப் பார்ப்பார்.

இந்தத் திணறல் எங்கே ஆரம்பிக்கிறது? அதைக் குறைக்க வழி இருக்கிறதா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடிகாரம் ஓடுது... காசு கரையுது

அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. சேறு இல்லாத வயலுக்கு 'டயர் வண்டி', சேற்று வயலுக்கு 'பெல்ட் வண்டி'. பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல். ஒவ்வொரு வருஷமும் சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கம் இருந்து இந்த வண்டிகள் டெல்டாவுக்கு வந்து இறங்குகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு மெஷின் விடுகிறது.

மணிக்கு 2,400 ரூபாய் வாடகை என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 40 ரூபாய். ஒரு தடவை அடைத்து, சுத்தம் செய்து, மறுபடி கிளம்ப பத்து நிமிஷம் ஆனால் 400 ரூபாய் போச்சு. நாலு தடவை அடைத்தால் 1,600 ரூபாய். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஏக்கர், சாஞ்ச வயலில் இரண்டு மணி, இரண்டரை மணி என்று இழுப்பது இதனால்தான்.

"என்ன தம்பி, இப்படி நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" என்று விவசாயி கேட்பதும், "நெல்லு சாஞ்சு கெடக்கு, நான் என்ன பண்றது ஐயா?" என்று டிரைவர் சொல்வதும் எல்லா வயலிலும் நடக்கிற பேச்சு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரச்சினையின் ஒரு பாதி நெல்லில் இருக்கிறது என்றால், இன்னொரு பாதி மெஷினின் முன்பக்கத்தில் இருக்கிறது.

மெஷினுக்குள் நெல் போகும் பாதை

அறுவடை மெஷினை ஒரு மனுஷன் மாதிரி நினைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். முன்னால் இருப்பது கை, பல், வாய். அதற்குப் பின்னால் தொண்டை. அதற்கும் பின்னால் வயிறு.

கை என்பது முன்னால் சுற்றும் 'ரீல்'. இதில் வரிசையாக விரல் மாதிரி கம்பிகள் இருக்கும். கதிரைப் பிடித்து உள்பக்கமாகச் சாய்ப்பது இதன் வேலை.

பல் என்பது 'கட்டர் பார்'. முக்கோணப் பிளேடுகள் இப்படியும் அப்படியும் ஓடி, தாளை அறுக்கும்.

வாய் என்பது அதற்குப் பின்னால் படுக்கையாக உருளும் 'ஆகர்' என்ற திருகு உருளை. அகலமாக அறுத்து விழும் தாளை நடுவுக்கோ, ஒரு பக்கத்துக்கோ தள்ளிக்கொண்டு போகும். அங்கே உருளைக்குள் இருந்து சில விரல் கம்பிகள் வெளியே நீண்டு, தாளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும்.

தொண்டை என்பது 'பீடர்'. செயினில் குறுக்குப் பட்டைகள் பொருத்தி, தாளை மேலே இழுத்துக்கொண்டு போகும் பெட்டி இது.

வயிறு என்பது கதிரடிக்கும் டிரம். இங்கேதான் நெல் தனி, வைக்கோல் தனி ஆகிறது. பிறகு சல்லடையும் காற்றாடியும் பதரை விரட்டிவிட்டு, நெல்லைத் தொட்டிக்கு அனுப்பும்.

இதில் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. ஒரே சீராக, ஒரே கனத்தில் தாள் வந்துகொண்டே இருந்தால் அது சளைக்காமல் வேலை செய்யும். கொஞ்ச நேரம் ஒன்றுமே வராமல் இருந்து, திடீரென்று ஒரு பெரிய கட்டியாக வந்தால் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். டிரம் சுற்றுவது குறையும். நெல் சரியாக உதிராமல் வைக்கோலோடு வெளியே போகும். கட்டி இன்னும் பெரிதாக இருந்தால் டிரம் அப்படியே நின்றுவிடும். சாப்பாட்டை மென்று விழுங்காமல் உருட்டி விழுங்கினால் விக்கல் எடுக்குமே, அதே கதைதான்.

ஏன் கட்டி கட்டியாகப் போகிறது?

நிமிர்ந்த நெல்லில் கதிர் மேலே, தாள் கீழே. ரீல் கதிரைத் தொட்டு உள்ளே சாய்க்கும். கத்தி அடியை அறுக்கும். கதிர் முன்னால், தாள் பின்னால் என்று வரிசையாகப் போகும்.

சாஞ்ச நெல்லில் அந்த வரிசையே கிடையாது. ஒரு குத்து கிழக்கே சாஞ்சிருக்கும், பக்கத்துக் குத்து அதன் மேல் தெற்கே விழுந்திருக்கும். எல்லாம் பின்னிக்கொண்டு ஒரு பாய் போல கிடக்கும். கத்தி ஒரு பக்கம் அறுத்தாலும், மறுபக்கம் அறுபடாத தாளோடு அது பிணைந்தே இருக்கும். கத்தி முன்னால் தாள் தேங்கி நின்று, ஒரு கட்டத்தில் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழும். அதுதான் அந்தக் கட்டி.

இரண்டாவது காரணம் ஈரம். காய்ந்த தாள் முறியும், வழுக்கிக்கொண்டு போகும். நனைந்த தாள் முறியாது, கயிறு மாதிரி வளையும். சுற்றுகிற எதிலும் சுற்றிக்கொள்ளும். கனமும் அதிகம், தகட்டில் உரசலும் அதிகம்.

மூன்றாவது காரணம், வைக்கோல் அளவு. கதிர் தரையில் கிடப்பதால் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது. அப்போது தாள் முழு நீளமும் உள்ளே போகிறது. கூடவே களையும், சேறும் போகிறது. நெல் அதே அளவுதான், வைக்கோல் மட்டும் இரண்டு பங்கு. தொண்டை தாங்குமா?

ரீலில் இருக்குது சூட்சுமம்

சாஞ்ச நெல்லுக்கு முதல் மருந்து ரீல்தான். நிமிர்ந்த நெல்லுக்கு வைத்த அதே இடத்தில் ரீலை வைத்துக்கொண்டு சாஞ்ச வயலில் இறங்கினால், அது கதிருக்கு மேலே காற்றில்தான் சுற்றும்.

சாஞ்ச வயலில் ரீலை முன்னால் தள்ள வேண்டும், கீழே இறக்க வேண்டும். கத்திக்கு முன்னாலேயே ரீலின் விரல்கள் தாளுக்கு அடியில் புகுந்து, தூக்கி, பிறகு கத்தியிடம் கொடுக்க வேண்டும். விரல்களின் சாய்மானத்தையும் மாற்ற வேண்டும். நிமிர்ந்த பயிருக்கு நேராக நிற்கும் விரல்கள், படுத்த பயிருக்குக் கொக்கி மாதிரி பின்பக்கம் சாஞ்சு இருக்க வேண்டும். பல மெஷின்களில் இதற்குத் தனியாக ஒரு லிவரோ, போல்ட்டோ இருக்கிறது. நாள் முழுக்க அதைத் தொடாமலே ஓட்டுகிற டிரைவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது ரீல் வேகம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

வண்டி போகும் வேகத்தைவிட ரீல் விரலின் வேகம் கொஞ்சம் கூடுதலாக, சுமார் ஒண்ணேகால் மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகிறது, ரீலின் குறுக்களவு 90 சென்டிமீட்டர் என்றால், ரீல் நிமிஷத்துக்குச் சுமார் 22 சுற்று சுற்ற வேண்டும்.

சாஞ்ச வயல் வந்ததும் டிரைவர் வேகத்தை மணிக்கு 2 கிலோமீட்டராகக் குறைக்கிறார். அது சரிதான். ஆனால் ரீல் அதே 22 சுற்றிலேயே ஓடுகிறது. இப்போது அது வண்டி வேகத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கதிரைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய கை, கதிரை அடிக்க ஆரம்பித்துவிடும். முற்றிய நெல் கத்தியைத் தொடும் முன்பே தரையில் கொட்டிவிடும். 2 கிலோமீட்டர் வேகத்துக்கு 15 சுற்று இருந்தால் போதும். படுத்த பயிரை இழுக்க அதைவிடக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் கதிர் உதிர ஆரம்பித்தால் குறைத்துவிட வேண்டும்.

சில மெஷின்களில் ரீல் வேகத்தை சீட்டில் இருந்தபடியே மாற்றலாம். மற்றவற்றில் புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட வேண்டும். அதற்கு ஆகும் பத்து நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டால், நெல் போய்விடும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. மெதுவாகப் போக வேண்டும் என்று சிலர் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுகிறார்கள். எஞ்சின் வேகம் குறைந்தால் வண்டி மட்டும் மெதுவாகப் போகாது. டிரம், செயின், சல்லடை, காற்றாடி எல்லாமே மெதுவாகிவிடும். அடைப்பு வருவதற்கு அதுவே வழி. எஞ்சின் முழு வேகத்தில் இருக்க வேண்டும். வண்டி வேகத்தை கியரிலோ, வேக லிவரிலோதான் குறைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் இருந்து அறுப்பது?

நெல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கிறது என்று வரப்பில் நின்று பார்க்காமல் வண்டியை இறக்குவது பெரிய தப்பு. ஒரே திசையில் சாஞ்ச வயலில், நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி அறுத்தால் ஒரு பக்கம் நன்றாக வரும், இன்னொரு பக்கம் பாதிக் கதிர் தரையிலேயே கிடக்கும்.

சாய்வுக்கு எதிராகவோ, குறுக்காகவோ, மூலைவாட்டாகவோ போனால் கதிருக்கு அடியில் ரீல் விரல் புக இடம் கிடைக்கும். ஆனாலும் மெஷினுக்கு மெஷின், வயலுக்கு வயல் இது மாறும். அனுபவப்பட்ட டிரைவர்கள் முதலில் ஒவ்வொரு திசையிலும் இருபது அடி அறுத்துப் பார்ப்பார்கள். இறங்கி, அறுத்த இடத்தில் கதிர் மிச்சம் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தத் திசையில் மிச்சம் குறைவோ அந்தத் திசையில் மட்டும் அறுத்துவிட்டு, திரும்பி வரும்போது சும்மா வருவார்கள்.

"சும்மா வந்தா வாடகை யாரு குடுக்கறது?" என்று விவசாயி கேட்கலாம். சும்மா வருவதற்கு ஆகும் நேரத்தையும், அடைப்பு எடுக்க ஆகும் நேரத்தையும், தரையில் கிடக்கும் நெல்லையும் சேர்த்துப் பார்த்தால் எது லாபம் என்று தெரிந்துவிடும்.

முழு அகலத்துக்கு அறுக்காமல், முக்கால் அகலத்துக்கோ அரை அகலத்துக்கோ அறுப்பதும் ஒரு வழி. உள்ளே போகும் தாள் குறையும், தொண்டை தாங்கும்.

காலை நேரத்தில் பனி ஈரத்தோடு இறங்குவதும் வேண்டாத வேலை. வெயில் ஏறி, தாளில் ஈரம் வடிந்த பிறகு இறங்கினால் அதே வயல், அதே மெஷின் வேறு மாதிரி ஓடும்.

திருகு உருளையும் செயினும்

ரீலும் கத்தியும் ஒழுங்காக இருந்தும் அடைக்கிறது என்றால் பார்க்க வேண்டிய இடம் திருகு உருளை.

உருளைக்கும் கீழே உள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கும். இதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தாள் குறைவான பயிருக்கு இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளைக்குக் கீழேயே தாள் தங்கிவிடும். நீளமான, கனமான, ஈரத் தாளுக்கு இடைவெளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் உருளையிலேயே சுற்றிக்கொள்ளும்.

அப்படிச் சுற்றாமல் வழித்துவிட உருளைக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்கும். அது தேய்ந்து போயிருந்தாலோ, வளைந்திருந்தாலோ தாள் உருளையோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி முன்னாலேயே வந்து விழும். விரல் கம்பிகள் எந்த இடத்தில் நீள வேண்டும், எந்த இடத்தில் உள்ளே போக வேண்டும் என்பதையும் திருகி அமைக்கலாம். செயின் பக்கத்தில் வந்ததும் விரல் உள்ளே போய்விட வேண்டும். போகாவிட்டால் கொடுத்த தாளைத் தானே திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

ஒடிந்த விரல் கம்பியை மாற்றாமல் ஓட்டுவது, தளர்ந்த பீடர் செயினோடு ஓட்டுவது, மொக்கை பிளேடோடு ஓட்டுவது எல்லாம் நிமிர்ந்த நெல்லில் தெரியாது. சாஞ்ச நெல்லில் பல்லை இளித்துவிடும். மொக்கை பிளேடு தாளை அறுக்காது, கசக்கி இழுக்கும். வேரோடு பிடுங்கிக்கொண்டு சேறும் உள்ளே வரும்.

சாஞ்ச பயிருக்கு என்றே 'கதிர் தூக்கி' என்ற கருவியும் உண்டு. கத்திக்கு முன்னால் நீளமான மூக்கு மாதிரி கம்பிகளைப் பொருத்திவிட்டால், அவை தரையை ஒட்டிப் போய் தாளைத் தூக்கிக் கொடுக்கும். ஐரோப்பாவில் கோதுமைக்கும், பட்டாணிக்கும் இது சாதாரணமாகப் பயன்படுகிறது. சேற்று வயலில் இந்த மூக்கு சேற்றில் குத்திக்கொள்ளும் அபாயம் இருப்பதால், ஓரளவு காய்ந்த வயலுக்குத்தான் இது ஏற்றது.

ஓரத்தில் பின்னிக்கொள்ளும் பயிருக்கும் ஐரோப்பாவில் வழி கண்டிருக்கிறார்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் என்ற பயிர் கொடி மாதிரி ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அதற்கு மெஷினின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு கத்தி வைத்து, பின்னலை அறுத்துவிட்டு முன்னேறுகிறார்கள்.

100 வருஷத்துக்கு முன்பே இதே பாடு!

படுத்த பயிரை மெஷினால் அள்ளும் கவலை இன்று நேற்று வந்ததல்ல.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹென்டி என்ற ஊர். அங்கே ஹெட்லி டெய்லர் என்று ஒரு விவசாயி. அந்தக் காலத்து ஆஸ்திரேலிய மெஷின்கள் நிமிர்ந்து நிற்கும் கோதுமையில் கதிரை மட்டும் சீப்பு மாதிரி சீவி எடுக்கும். காற்றில், மழையில் பயிர் படுத்துவிட்டால் அந்த மெஷின்கள் கையை விரித்துவிடும்.

டெய்லர் தன் பண்ணையிலேயே உட்கார்ந்து புது மெஷின் ஒன்றை உருவாக்கினார். நீளமான விரல்கள் பயிரைத் தூக்க, அதற்குப் பின்னால் கத்தி அறுக்க, அறுத்ததைத் திருகு உருளை உள்ளே தள்ளியது. 1916-ல் ஹியூ விக்டர் மெக்கே என்ற பெரிய மெஷின் முதலாளி இந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை வாங்கினார். சன்ஷைன் என்ற ஊரில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் மெஷின் தயாரானது.

1920-ல் அங்கே நல்ல விளைச்சல். அறுவடை நேரத்தில் புயல் மழை வந்து கோதுமையைத் தரையோடு தரையாக்கியது. பழைய மெஷின்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டெய்லரின் மெஷின்தான் படுத்த பயிரைத் தூக்கி அறுத்து, போக இருந்த விளைச்சலைக் காப்பாற்றிக் கொடுத்தது. அன்றைக்கு அவர் கையாண்ட அதே விரல், கத்தி, திருகு உருளை என்ற வழியில்தான் இன்றைய மெஷின்களும் ஓடுகின்றன.

கதிரை மட்டும் தின்னும் ஜப்பான் மெஷின்

ஜப்பானிலும் புயல் காற்றில் நெல் படுப்பது சகஜம். அங்கே 1960-களில் வேறு மாதிரி யோசித்தார்கள். ரீலுக்குப் பதிலாக, செங்குத்தாக ஓடும் செயின்களில் விரல்களைப் பொருத்தினார்கள். அந்த விரல்கள் படுத்த நெல்லைத் தலைமுடி வாருவது போல வாரி நிமிர்த்தும். பிறகு கத்தி அறுக்கும். தாளை ஒரு செயின் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கதிர் மட்டும் டிரம்முக்குள் போகும். வைக்கோல் உள்ளேயே போகாததால் அடைப்பும் குறைவு, வைக்கோலும் முழுசாகக் கிடைக்கும்.

இங்கிலாந்தில் சில்சோ என்ற இடத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் இன்னொரு வழி கண்டார்கள். அதில் கத்தியே கிடையாது. பற்கள் பொருத்திய உருளை ஒன்று கீழிருந்து மேலாகச் சுற்றி, கதிரில் இருந்து மணியை மட்டும் உருவி எடுக்கும். தாள் வயலிலேயே நிற்கும். படுத்த நெல்லுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. வைக்கோலைத் தனியாக அறுக்க வேண்டும் என்பதுதான் கூடுதல் வேலை.

இரண்டு வழியிலும் பாடம் ஒன்றுதான். வைக்கோல் எவ்வளவு குறைவாக உள்ளே போகிறதோ, அவ்வளவு சுலபமாக மெஷின் ஓடும். சாதா மெஷினிலும் இதைப் பின்பற்றலாம். கதிர் எட்டுகிற உயரத்துக்கு மேல் கத்தியைத் தூக்கக் கூடாது, எட்டுகிற உயரத்துக்குக் கீழே அநாவசியமாக இறக்கவும் கூடாது. வயலில் சாயாத பகுதி வந்தால் உடனே கத்தியைத் தூக்கிவிட வேண்டும்.

எவ்வளவு நெல் போகுது? நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

மெஷின் போன பிறகு தரையில் நெல் சிதறிக் கிடக்கும். "எல்லா வயல்லயும் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும்" என்று பேச்சு வரும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டிக்கொண்டு, மெஷின் போன இடத்தில் வைத்து, உள்ளே கிடக்கும் நெல்மணிகளை எண்ண வேண்டும். ஆயிரம் நெல்மணி எடை 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சதுரத்தில் 100 மணி கிடந்தால் 2 கிராம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 8 கிலோ.

அதே சதுரத்தில் 500 மணி கிடந்தால் 10 கிராம். ஏக்கருக்கு 40 கிலோ! கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் ஒரு சிப்பம் நெல்லுக்குச் சமம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு சிப்பம் 1,000 ரூபாய். அறுபடாமல் கிடக்கும் முழுக் கதிர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

எண்ணும்போது இடத்தையும் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்திப் பின்னால் எடுத்துவிட்டு, கத்தி நின்ற இடத்தில் பார்த்தால் முன்பக்கத்தில் கொட்டியது தெரியும். வைக்கோல் விழுந்த இடத்தில் பார்த்தால் அதோடு டிரம்மிலும் சல்லடையிலும் போனதும் சேர்ந்து தெரியும். முன்பக்கத்தில் அதிகம் என்றால் ரீலைச் சரிபார்க்க வேண்டும். வைக்கோலில் அதிகம் என்றால் வண்டி வேகம் கூடுதல், அல்லது தாள் கட்டி கட்டியாகப் போகிறது என்று அர்த்தம்.

நஷ்டம் அதோடு முடிவதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தரையோடு கிடந்த நெல்லில் ஈரம் அதிகம். சேறும் பச்சைத் தாள் துண்டும் கலந்தால் காயவைக்கவும் தூற்றவும் கூலி தனி. நாள் கடந்தால் கிடக்கிற நெல் முளைக்கவே ஆரம்பித்துவிடும்.

அவசரத்தில் கையை விடாதீங்க!

அடைப்பு எடுக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். வாடகை ஓடுகிறதே என்ற அவசரம், அடுத்த வயல்காரர் கூப்பிடுகிறாரே என்ற அவசரம். எஞ்சின் ஓடிக்கொண்டு இருக்கும்போதே காலால் வைக்கோலைத் தள்ளுவது, கையை விட்டு இழுப்பது எல்லாம் நடக்கிறது. சிக்கிய தாள் விடுபட்ட அடுத்த நொடியே உருளை சுற்ற ஆரம்பித்துவிடும். கையை எடுக்க நேரம் இருக்காது.

எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றுகிறது எல்லாம் நின்ற பிறகுதான் கிட்டே போக வேண்டும். கத்திப் பகுதியைத் தூக்கி வைத்துக் கீழே குனிவதாக இருந்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். லுங்கி, துண்டு போன்ற தொங்கும் துணியோடு போகக் கூடாது. கதிர் பொறுக்க வரும் பெண்களும், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளும் வண்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஐந்து நிமிஷ வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் வாழ்நாள் முழுக்கக் கை இல்லாமல் இருப்பதா?

நாற்று விடும்போதே யோசிக்கணும்

மெஷினைச் சரிசெய்வது பாதி வைத்தியம்தான். நெல் படுக்காமல் பார்த்துக்கொள்வது மீதி வைத்தியம்.

உயரமாக வளரும் பொன்னி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் சீக்கிரம் சாயும். குட்டையான, தாள் பலமுள்ள சி.ஆர். 1009 போன்ற ரகங்கள் ஓரளவு தாங்கும். பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் தாள் நெட்டையாக, சதை பிடிக்காமல் வளரும். பொட்டாஷ் சத்து சரியாக இருந்தால் தாள் உறுதிப்படும். நெருக்கி நட்டாலும் தாள் மெலிந்துபோகும்.

அறுவடைக்குப் பத்து, பதினைந்து நாளைக்கு முன்பே தண்ணீரை வடித்துவிட்டால் தரை இறுகும், வேர் பிடிப்பு கிடைக்கும், வண்டியும் புதையாது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் இது நடக்காது. மழை பெய்து முடிந்த பிறகு வடிய வழி இல்லாமல் நிற்கும் தண்ணீர்தான், கொஞ்சம் சாஞ்ச நெல்லை முழுசாகப் படுக்க வைக்கிறது.

டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்து, பயறு விதைக்கும் வழக்கம் உண்டு. சேற்றில் பெல்ட் வண்டி போன தடத்தில் அந்த முளை நசுங்கிவிடும். அடைப்பு எடுத்து, பின்னால் போய், முன்னால் வந்து என்று வண்டி ஒரே இடத்தில் உழப்பினால் சேதம் இன்னும் அதிகம். ஆக, மெஷின் நிற்காமல் ஓடுவது நெல்லுக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் உளுந்துக்கும் நல்லது.

வண்டி இறங்கும் முன் ஒரு பத்து நிமிஷம்

வயலில் வண்டியை இறக்கும் முன், விவசாயியும் டிரைவரும் சேர்ந்து வரப்பில் ஒரு சுற்று நடந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நெல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? எங்கே சேறு அதிகம்? ரீல் முன்னால் இறங்கியிருக்கா? விரல் கம்பி எல்லாம் இருக்கா? பிளேடு கூரா இருக்கா? செயின் தொளதொளன்னு இருக்கா? தாளில் ஈரம் வடிஞ்சிருக்கா? இந்த ஏழு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு சாவியைத் திருப்பலாம்.

முதல் இருபது அடி அறுத்ததும் ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, தரையைப் பார்க்க வேண்டும். "என்னய்யா, ஆரம்பத்துலயே நிறுத்திட்டான்" என்று வரப்பில் நிற்பவர்கள் கோபப்படாமல் இருந்தால், அந்த ஐந்து நிமிஷம் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

மழையை யாரும் தடுக்க முடியாது. படுத்த நெல்லில் எத்தனை சிப்பம் வீடு வந்து சேரும் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.